நேராகத் தள்ளுபவருக்கு என்ன லாபம்?

ஸ்க்ரம் சரிகிறது. நடுவர் விசில் ஊதி ஒரு பக்கமாகக் கையை நீட்டுகிறார். ஏன் அந்தப் பக்கம் என்பது அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புரிவதில்லை. வர்ணனை செய்யும் முன்னாள் வீரர்களும் மறுபடி போட்டுப் பார்த்த பிறகே வாய் திறப்பார்கள். இரண்டு பேர் இருந்தால் இரண்டு காரணம் வரும். ஆனால் அந்தக் கை நீட்டல் பெனால்ட்டி என்றால், கம்பத்துக்கு உதைத்து எடுக்க மூன்று புள்ளி மதிப்பு. ரக்பி யூனியனில் உலகக் கோப்பை அரையிறுதி ஒன்றே அந்த மூன்று புள்ளியில் முடிந்திருக்கிறது.

அந்த விசிலுக்குக் காரணமானவர், பெரும்பாலும், ப்ராப். அவருக்குக் கற்றுத்தரப்படும் உத்தி ஒன்று, ஆட்டத்தில் பலன் தரும் உத்தி இன்னொன்று. முதலாவதை நான் மனதார மெச்சுகிறேன். எனக்குப் பிணக்கு இரண்டாவதோடு.

அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பந்து கைதவறி முன்னால் விழுவது, முன்னோக்கி வீசுவது போன்ற சிறு பிழைகளுக்குப் பிறகு ஆட்டம் ஸ்க்ரம்மில் மறுபடி தொடங்கும். அணிக்கு எட்டுப் பேர். முன்வரிசையில் மூவர்; நடுவில் ஹூக்கர், இருபுறமும் ப்ராப். இடது ப்ராப்புக்கு லூஸ்ஹெட் என்று பெயர், முதுகில் 1ஆம் எண். வலது ப்ராப் டைட்ஹெட், 3ஆம் எண். இரண்டு முன்வரிசைகளும் தலைகளைக் கோத்துக்கொள்ளும்போது லூஸ்ஹெட்டின் தலை ஓரத்தில் வெளியே இருக்கும். டைட்ஹெட்டின் தலையோ எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். முன்னவருக்கு ஒரு தோளில் பாரம், பின்னவருக்கு இரண்டு தோளிலும். அயர்லாந்தின் ஆண்ட்ரூ போர்ட்டர் 2021இல் 3ஆம் எண்ணை விட்டு 1ஆம் எண்ணுக்கு மாறியபோது ரக்பி உலகம் அதைப் பெரிதாகப் பேசியது இதனால்தான். பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு இடங்களிலும் வேலை வேறு.

கற்றுத்தரப்படும் உத்தியைக் கிட்டத்தில் பார்ப்போம். பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, பூட்ஸின் ஆணிகள் மண்ணில் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். முழங்கால் மடிப்பு செங்கோணத்தைவிடச் சற்று விரிந்தது. அதற்குமேல் நீட்டினால் தள்ள மிச்சம் எதுவும் இருக்காது. முதுகு தட்டையாக, தரைக்கு இணையாக. தோள் இடுப்பைவிடத் தாழக் கூடாது என்பது விதிப் புத்தகத்திலேயே உண்டு. தாடை நெஞ்சில் படக் கூடாது; தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி முன்னே பார்க்க வேண்டும். தாடையை நெஞ்சில் புதைத்தால் முதுகு வளையும். வளைந்த முதுகில் பின்னாலிருந்து வரும் விசை எதிராளியிடம் போய்ச் சேராமல் தள்ளுபவரின் கழுத்திலேயே முடங்கும்.

அடுத்தது பிடி. லூஸ்ஹெட் தன் இடது கையை எதிராளியின் வலது கைக்கு உள்ளே கொடுத்து, அவருடைய முதுகிலோ விலாப்பக்கத்திலோ ஜெர்சியைப் பற்ற வேண்டும். டைட்ஹெட் வலது கையை வெளிப்பக்கமாகப் போட்டுப் பற்ற வேண்டும். நெஞ்சு, கை, சட்டைக்கை, காலர் எதையும் பிடிக்கக் கூடாது. தேர்ந்த லூஸ்ஹெட்டின் இடது முழங்கையைக் கவனியுங்கள்: தரைக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ நிற்கும். அது தரையைப் பார்த்துத் தொங்கினால் எதிராளியைக் கீழே இழுக்கிறார் என்று அர்த்தம். நடுவரின் கண்ணும் அங்கேதான் போகும். டைட்ஹெட்டுக்கு நீண்ட பிடிதான் உயிர்நாடி. பிடி குறுகி அக்குளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் வலது தோள் இறங்கும். தோள் இறங்கினால் ஸ்க்ரம்மின் அந்த மூலை மண்ணைக் கவ்வும்.

பின்னாலிருந்து இரண்டாம் வரிசை லாக் ஆட்டக்காரரின் தோள் ப்ராப்பின் பிட்டத்துக்கடியில் ஊன்றும்; ஃப்ளாங்கரின் தோள் வெளித்தொடையை உள்நோக்கி அழுத்தி இடுப்பு வெளியே போகாமல் காக்கும். சர்வதேச அணியில் இந்த எட்டுப் பேரின் எடை 900 கிலோவைத் தொடும். அவ்வளவும் முன்வரிசையின் தோள்கள் வழியாகத்தான் எதிரணிக்குப் போயாக வேண்டும்.

இந்த உத்தியில் எனக்குப் பிடித்த விஷயம், பலமும் பாதுகாப்பும் ஒரே உடல்நிலையில் கூடுவது. பல விளையாட்டுகளில் அடிபடாமல் ஆடுகிறவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆட வேண்டியிருக்கும். இங்கே அப்படி இல்லை. முதுகு தட்டையாக இருக்கும் ப்ராப்பைப் பின்னுக்குத் தள்ளுவதும் கடினம், அவர் கழுத்து முறிவதும் அரிது. நியூசிலாந்தில் 2001இல் ரக்பிஸ்மார்ட் என்ற திட்டம் வந்தது. பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் கட்டாயமாக முடிக்க வேண்டிய அந்தப் பயிற்சியில் ஸ்க்ரம் உத்தியும் ஒரு பாடம். 2005 வரையிலான ஐந்து ஆண்டுகளில், பழைய போக்கு அப்படியே நீடித்திருந்தால், ஸ்க்ரம்மில் ஒன்பது பேருக்குத் தண்டுவடம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் ஒருவர். புகழ் முழுவதையும் உத்திக்கே எழுதிவைக்க முடியாது. ஆனாலும் ஒன்பது ஒன்றாவது சாதாரணக் குறைவு இல்லை.

கற்றது கைகொடுக்காத நேரமும் உண்டு. 2003 நவம்பர் 15, சிட்னி. உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலிய டைட்ஹெட் பென் டார்வினின் கழுத்து ஸ்க்ரம்மில் சிக்கியது. கழுத்து, கழுத்து என்று அவர் கத்தினார். எதிரே இருந்த நியூசிலாந்து ப்ராப் கீஸ் மியூஸ் அதைக் கேட்டுத் தள்ளுவதை நிறுத்தினார். டார்வினின் ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது; ஆனால் பின்னர் எழுந்து நடந்தார். எதிராளி தன் பலத்தை அந்தக் கணமே விட்டுக்கொடுத்ததால் கிடைத்த நடை அது.

அந்தக் காலத்து ஸ்க்ரம்மில் மோதல்தான் எல்லாம். இரண்டு அணிகளும் இடைவெளி விட்டுக் குனிந்து நிற்கும். நடுவர் சொன்னதும் பாய்ந்து முட்டும். அந்த முதல் முட்டில் வென்றவர் ஸ்க்ரம்மையே பாதி வென்றுவிடுவார். சர்வதேச ஆண்கள் அணிகளை ஸ்க்ரம் இயந்திரத்தில் முட்டவைத்து பாத் பல்கலைக்கழகத்தார் அளந்தபோது உச்ச விசை 16 கிலோநியூட்டனைத் தாண்டியது. எளிதாகச் சொன்னால், ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட பாரம். 2007இல் நடுவரின் கட்டளை நான்கு சொல்லானது, 2012இல் மூன்றானது. 2013இல் வந்த 'க்ரவுச், பைண்ட், செட்' என்ற வரிசைதான் உண்மையான மாற்றம். முட்டுவதற்கு முன்பே ப்ராப்புகள் ஒருவரையொருவர் பற்றிக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டதால் பாய்ச்சலுக்கு இடமே இல்லாமல் போனது. முட்டும் விசை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது.

அதன் பிறகும் ஓட்டைகளைத் தேடினார்கள். பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் எதிராளியின் தோளில் தலையை ஊன்றிப் பாரத்தை அழுத்தும் பழக்கம் வந்தது, அதையும் தடைசெய்தார்கள். 'செட்' சொல்லும்வரை முன்வரிசை நகராமல் இருக்க ஹூக்கர் ஒரு காலை முன்னே ஊன்ற வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற மாதிரி.

2013 மாற்றத்தைக் குறைசொல்பவர்கள், அது பாய்ச்சலை எடுத்துவிட்டு வெறும் எடைக்குப் பரிசு கொடுத்தது என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. முட்டிய அடுத்த நொடியிலேயே முடிவு தெரிந்த காலத்தைவிட, ஐந்தாறு நொடி நீளும் இன்றைய தள்ளலில் நுணுக்கத்துக்கு இடம் அதிகம். தவறிப்போன முதுகை அந்த நொடிகளில் நிமிர்த்திக்கொள்ளலாம், பிடியைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அதே நொடிகள்தான் திருட்டுத்தனத்துக்கும் அவகாசம் கொடுத்தன.

திருட்டுத்தனம் என்று நான் சொல்வது கோணத்தை. நேராகத் தள்ள வேண்டியவர் இடுப்பை வெளியே திருப்பி உள்நோக்கிச் சாய்வது. லூஸ்ஹெட் தன் வலப்பக்கமாகத் திரும்பி எதிராளியின் நெஞ்சுக்குள் குடைவார். டைட்ஹெட் தன் இடப்பக்கமாகத் திரும்பி எதிரணி ஹூக்கரை நெருக்குவார். குடையப்பட்டவரின் முதுகு வளையும், தோள் இறங்கும், முழங்கால் மண்ணில் படும். பார்ப்பவர் கண்ணுக்குக் குற்றவாளி அவர்தான்: விழுந்தவர் அவர்தானே? குடைந்தவர் காலில் நின்றுகொண்டு நடுவரைப் பார்த்துக் கைவிரிப்பார். நடுவர் ஒரு பக்கம்தான் நிற்க முடியும். மறுபக்கத்தில் கோட்டு நடுவர் இருந்தாலும் வெகு தூரத்தில் இருப்பார். கைகளுக்கும் உடம்புகளுக்கும் அடியில் நடப்பது யாருக்கும் தெரியாது.

2009இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் தென்னாப்பிரிக்கா சென்றபோது நடந்தது இதற்குச் சரியான பாடம். ஜூன் 20, டர்பன், முதல் டெஸ்ட். தென்னாப்பிரிக்க லூஸ்ஹெட் டென்டாய் ம்டவாரிரா, 'பீஸ்ட்' என்றால்தான் பலருக்குத் தெரியும், லயன்ஸ் டைட்ஹெட் ஃபில் விக்கரியைப் பந்தாடினார். பெனால்ட்டிமேல் பெனால்ட்டி. இடைவேளைக்குப் பிறகு சற்று நேரத்தில் விக்கரியை வெளியே எடுத்து ஆடம் ஜோன்ஸை இறக்கினார்கள். தென்னாப்பிரிக்கா 26-21 என்று வென்றது. பீஸ்ட் நேராகத் தள்ளினாரா, குடைந்தாரா என்ற சண்டை அதன் பிறகு ஓய்ந்தபாடில்லை.

எனக்கு அந்தச் சண்டையைவிட அதன் பிந்திய கதைதான் முக்கியம். இரண்டாவது டெஸ்டுக்கு லயன்ஸ் ஹூக்கரை மாற்றியது. லீ மியர்ஸ் போய் மேத்யூ ரீஸ் வந்தார். இரண்டாம் வரிசையில் மலைபோன்ற சைமன் ஷா வந்தார். ஜோன்ஸ் அதில் தோள்மூட்டு விலகி வெளியேறியதால் ஜூலை 4, ஜோகன்னஸ்பர்க், மூன்றாவது டெஸ்டில் விக்கரி மறுபடி முன்வரிசைக்கு வந்தார். எதிரே அதே பீஸ்ட். இந்த முறை விக்கரி அசையவில்லை. லயன்ஸ் 28-9. இரண்டே வாரத்தில் ஒரு மனிதரின் உத்தி இவ்வளவு திருந்திவிடாது. அவருக்குப் பக்கத்திலும் பின்னாலும் இருந்தவர்கள் மாறியிருந்தார்கள். ப்ராப்பைத் தனிமல்லராகப் பார்த்துப் பழகிய விமர்சகர்கள் இந்தத் தொடரைக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும்.

அர்ஜென்டினாக்காரர்கள் இதை வெகு காலம் முன்பே புரிந்துவைத்திருந்தார்கள். சான் இசிட்ரோ கிளப்பில் ஃபிரான்சிஸ்கோ ஓகாம்போ உருவாக்கியதாகச் சொல்லப்படும் 'பஹாதா' முறையில் ஹூக்கர் பந்தைக் காலால் கொத்துவதில்லை. எட்டுப் பேரும் ஒரு குரலுக்கு ஒரே நேரத்தில் தள்ளுவார்கள். விசை முழுவதும் நடுவிலுள்ள ஹூக்கர் வழியாகக் குவியும். அர்ஜென்டினாவிலிருந்து ஆஸ்திரேலியா போன லூஸ்ஹெட் என்ரிக்கே 'டோபோ' ரோட்ரிகெஸ், 1984 நவம்பரில் கார்டிஃபில் அந்த நாட்டு முன்வரிசையில் நின்றார். ஸ்க்ரம்மைக் குலப்பெருமையாகக் கருதிய வேல்ஸை அன்று ஆஸ்திரேலியா கோட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டே போய் ஸ்டீவ் டைன்மன் மூலம் ட்ரை போட்டது. பந்துக்காகத் தள்ளினார்கள், தள்ளிய தள்ளலில் பந்தே புள்ளியானது. விசையை நடுவே குவிக்கும் இந்த முறைக்கும் நேராகத் தள்ளு என்னும் விதிக்கும் எப்போதும் ஓர் உரசல் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்று தள்ளுவது பந்துக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2019 நவம்பர் 2, யோகோஹாமா, உலகக் கோப்பை இறுதி. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே இங்கிலாந்து டைட்ஹெட் கைல் சின்க்ளர் தலையில் அடிபட்டு வெளியேறினார். மிச்ச ஆட்டத்தை ஏறக்குறைய முழுவதும் டான் கோல் சுமக்க வேண்டியிருந்தது. எதிரே பீஸ்ட், அவர் களைத்ததும் ஸ்டீவன் கிட்ஷாஃப். மாற்று ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரில் ஆறு பேரை ஃபார்வர்டுகளாக வைத்திருந்த தென்னாப்பிரிக்கா, முன்வரிசையை மொத்தமாகவே மாற்றியது. ஹான்ட்ரே பொலார்ட் ஆறு பெனால்ட்டி உதைத்தார். 32-12. கோல் மோசமான ப்ராப் அல்ல. களைத்துப்போன டைட்ஹெட்டின் முன் அடுத்தடுத்துப் புத்தம்புது லூஸ்ஹெட்டை நிறுத்தினால் உத்தி எத்தனை நேரம் தாங்கும்?

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 21, பாரிஸ். உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்து 15-6 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் இறங்கிய தென்னாப்பிரிக்க லூஸ்ஹெட் ஆக்ஸ் ந்ச்சே ஸ்க்ரம்முக்கு ஸ்க்ரம் இங்கிலாந்தை மடக்கினார். கடைசி நிமிடங்களில் ஒரு ஸ்க்ரம் பெனால்ட்டி. ஏறத்தாழ நடுக்கோட்டருகிலிருந்து பொலார்ட் உதைத்தார்; 16-15. ந்ச்சேயின் அன்றைய ஆட்டம் அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குட்டையான உடல்வாகு, தாழ்ந்த இடுப்பு, எதிராளியின் நெஞ்சுக்கடியில் போய்த் தூக்கும் நேர்த்தி எல்லாம் இருந்தது. என் கேள்வி விலையைப் பற்றியது. கைதவறிய பந்துக்காகக் கூடிய ஸ்க்ரம், ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் கம்பத்துக்கு மூன்று புள்ளியாக மாறுவது எந்தக் கணக்கில் நியாயம்? ட்ரை ஒன்றுக்கு ஐந்து புள்ளி. அதற்குப் பதினைந்து பேர் உழைக்க வேண்டும்.

இந்த விலைதான் உத்தியைக் கெடுக்கிறது. பந்து ஸ்க்ரம்மின் கடைசியில் நிற்கும் நம்பர் எய்ட்டின் காலடியில் வந்து நிற்கும், எடுத்து ஆடலாம். ஆனால் எடுக்க மாட்டார்கள். அங்கேயே வைத்துக்கொண்டு இன்னொரு தள்ளு தள்ளி எதிராளியை விழவைத்தால் பெனால்ட்டி. சரிந்தால் மறுபடி கூடுவார்கள். அதிலும் சரிந்தால் மறுபடி. 2023 முதல் முப்பது நொடிக்குள் கூட வேண்டும் என்ற கெடு வந்தது. நல்லதுதான், ஆனால் அது கூடும் நேரத்தைக் குறைக்கிறதே தவிர, விழும் ஆசையைக் குறைக்கவில்லை. நேராகத் தள்ளும் ப்ராப்புக்கு இந்த ஏற்பாட்டில் கிடைப்பது ஆடத்தக்க பந்து ஒன்று மட்டும். கோணத்தில் குடைபவருக்குக் கிடைப்பது, மாட்டாத வரையில், மூன்று புள்ளி.

ஸ்க்ரம் குற்றங்களுக்குப் பெனால்ட்டியே வேண்டாம், ஃப்ரீ கிக் போதும் என்று ஒரு கட்சி உண்டு. ஃப்ரீ கிக்கில் நேரடியாகக் கம்பத்துக்கு உதைக்க முடியாது. வெளியே உதைத்தால் வீசும் உரிமையும் எதிரணிக்குப் போய்விடும். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் தோற்கும் ப்ராப்பின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறார், இன்னும் இரண்டு மீட்டர் போனால் ட்ரை. கீழே விழுந்தால் வெறும் ஃப்ரீ கிக். அவர் விழுவார். வேண்டுமென்றே விழும் ஸ்க்ரம்தான் கழுத்துக்கு மிக ஆபத்தானது. விலையை அடியோடு எடுத்துவிட்டால் பாதுகாப்பும் கூடவே போய்விடும்.

எனவே இடைவழி ஒன்று வேண்டும். வேண்டுமென்றே சரிப்பது, கோணத்தில் குடைவது இரண்டுக்கும் பெனால்ட்டி இருக்கட்டும். வெறுமனே பலம் போதாமல் நிலை குலைந்தவருக்கு ஃப்ரீ கிக். இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பார்கள். முழங்காலைப் பார்த்தால் கடினம்தான். இடுப்பைப் பார்த்தால் அவ்வளவு கடினம் இல்லை. இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது சரிவதற்கு ஒரு நொடி முன்பே தெரிந்துவிடும். பந்து காலடியில் கிடக்கும்போது ஆடச் சொல்லி நடுவர் வற்புறுத்தலாம். அதற்குப் புது விதி எதுவும் தேவையில்லை. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்குமேல் தள்ளக் கூடாது என்ற வரம்பு உண்டு. போட்டி இருக்கிறது, லாபத்துக்கு மட்டும் எல்லை இருக்கிறது. பெரியவர்கள் ஆட்டத்துக்கு அந்த அளவு பொருந்தாவிட்டாலும் அந்த யோசனை பொருந்தும்.

உலக ரக்பி அமைப்பு ஒரு வாசலை மூடியது. 2023 காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லெம்சே தன் பகுதியில் பந்தைப் பிடித்து மார்க் கேட்டார்; அதற்குக் கிடைப்பது ஃப்ரீ கிக். எல்லாரும் உதைப்பார் என்று நினைக்க, அவர் ஸ்க்ரம் கேட்டார். தன் ப்ராப்புகள்மேல் அவ்வளவு நம்பிக்கை. 2024 ஜூலை 1 முதல் ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்க முடியாது என்றாகிவிட்டது. பெரிய வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது. பெனால்ட்டி கிடைத்த அணி அதற்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கலாம். அதில் இன்னொரு பெனால்ட்டி, அதற்குப் பதிலாக இன்னொரு ஸ்க்ரம். கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் இப்படியே நிமிடங்கள் கரைந்து, கடைசியில் தோற்கும் ப்ராப்புக்கு மஞ்சள் அட்டையும் பத்து நிமிட வெளியேற்றமும் கிடைக்கும். ஒரே இடத்தில் ஒருமுறைக்குமேல் அப்படிக் கேட்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த முறை பந்து நம்பர் எய்ட்டின் காலடிக்கு வரும்போது அவர் அதை எடுத்து ஆடியாக வேண்டும்.